சாட்சி நேரம் முடியாத சனிக்கிழமை

புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்களுக்காக நான் ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று பிரதர் கேட்டுக்கொண்டார். எழுத உட்காருவதற்குள் கேஸ் மூடியிருக்கிறதா என்று ஒரு முறை பார்த்தேன். நிஜமாகவே மூடியிருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது: நான் பயப்படுகிறவள். மில் மூடினபோது அப்பாவுக்கு வேலை போனது, எனக்கு எட்டாவதோடு பள்ளிக்கூடம் போனது. இந்த இரண்டு தகுதிகளையும் வைத்துக்கொண்டு ஒருத்தி ரேடியோவில் வேலை பார்த்து, ஓய்வும் பெற்று, இப்போது புத்தி சொல்லவும் உட்கார்ந்திருக்கிறாள் என்றால், அது எப்பேர்ப்பட்ட ரேடியோ என்று நீங்களே தெரிந்துகொள்ளலாம்.

எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்பதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அதைக் கம்ப்யூட்டர் தம்பி சொல்லித் தருவார். பொத்தானை அழுத்திவிட்டு அதற்கப்புறம் ஒரு பயம் வருமே, அதைப் பற்றித்தான் எனக்குக் கொஞ்சம் தெரியும்.

நம் ரேடியோவைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கோபுரம் எங்கே என்று கேட்பார்கள். கோபுரம் கிடையாது. போனில் ஒரு ஆப், முத்தியால்பேட்டையில் ஒரு மாடி அறை, அவ்வளவுதான். சுவரில் முட்டை அட்டை ஒட்டிய அந்த அறையிலிருந்து நாள் முழுக்க ஆண்டவரைப் பற்றிய பாட்டு போகிறது. பிரான்சில் இருக்கிற நம்ம ஊர்ப் பெரியவர்கள் கேட்கிறார்கள். கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளிகளும் துணைக்குப் படுத்திருப்பவர்களும் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறார்கள். ஆட்டோக்காரர்கள் கேட்கிறார்கள். மொத்தம் எத்தனை பேர் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். "ஆண்டவருக்குத் தெரியும்" என்பார் பிரதர். கம்ப்யூட்டருக்கும் தெரியும். அவர் அதைப் பார்ப்பதில்லை.

பிரதர் என்பவர் யாரென்று உங்களுக்குத் தெரியும். வங்கியில் இருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்து மைக் முன்னால் உட்கார்ந்தவர். வேதத்தில் எங்கே தொட்டாலும் சொல்வார். கணக்கிலும் வேதத்திலும் தப்பு வராது, நேரத்தில்தான் கொஞ்சம் முன்னே பின்னே.

சுவரில் விதிகள் எழுதியிருக்கிறதே, அதில் முதல் மூன்றை எழுதியவர் கமிட்டித் தலைவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் அவரை எல்லோரும் சொல்தா ஐயா என்போம். பட்டாளத்தை அவர் விட்டாலும் பட்டாளம் அவரை விடவில்லை. முதல் விதி, விளம்பரம் கிடையாது. இரண்டாவது, சாட்சியை நடுவில் வெட்டக் கூடாது. மூன்றாவது, காற்றில், அதாவது ஒலிபரப்பின் நடுவில், அமைதி விடக் கூடாது.

முதல் விதியை அவர் எப்படிக் காத்தார் என்று சொல்ல வேண்டும். ஒரு அம்மா ஜவுளிக்கடை வாசலில் வழுக்கி விழுந்தும் எலும்பு முறியாமல் ஆண்டவர் காத்தார் என்று சாட்சி சொன்னார். போகிற போக்கில் கடையின் பெயரைச் சொல்லிவிட்டார். பாட்டு தொடங்குவதற்குள் தலைவர் போன். "கடை பேரு ஏன் வந்துச்சு?" விழுந்த இடத்துக்கு யாராவது விளம்பரம் செய்வார்களா என்று நான் கேட்கவில்லை. அவரிடம் கேட்க மாட்டேன். நான்தான் பயப்படுகிறவள் என்று சொன்னேனே.

இரண்டாவது விதி இன்னும் கடுமையானது. சாட்சி என்றால், ஆண்டவர் எனக்கு இதைச் செய்தார் என்று ஒருவர் எல்லோரும் கேட்கச் சொல்வது. சிலர் பொருத்தனை செய்திருப்பார்கள்: இது நடந்தால் ரேடியோவில் சாட்சி சொல்கிறேன் என்று. அதனால் அது பாதியில் நின்றால், கொடுத்த வாக்கு பாதியில் நின்ற மாதிரி. சனிக்கிழமை காலை நம் சாட்சி நேரத்தில் பேர் சொல்லாமல் போனில் வருவார்கள், சொல்வார்கள், போவார்கள். எவ்வளவு நீண்டாலும், மாட்டுக்கு வயிற்றுப்போக்கு நின்ற கதையே ஆனாலும், வெட்டக் கூடாது.

மூன்றாவது விதிக்குக் காவலாக எனக்குப் போர்டு, அதாவது ஒலியை ஏற்றி இறக்கும் பலகையை, இயக்கச் சொல்லித் தந்தவர் ஒரு பாடம் வைத்துவிட்டுப் போனார். கோயில் பாடகர் குழுவில் கீபோர்டு வாசித்தவர். ஒரு நாள் முழுக்க என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கடைசியில் எழுந்துகொண்டே, "உனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்றேன். எதுவாச்சும் ஆச்சுன்னா, பாட்டப் போட்டுட்டு யோசிம்மா" என்றார். நான் அதைத் தலைகீழாகச் செய்வேன் என்று அவருக்குப் பார்த்தவுடனேயே தெரிந்திருக்க வேண்டும். யோசித்து யோசித்து முடிப்பதற்குள் பாட்டே மறந்துவிடும் ஆள் நான்.

கீழே பாய் தையல் கடை. மெஷின் ஓடினால் மேலே மைக்கில் கேட்கும். ஆகவே ஒரு ஏற்பாடு வைத்திருந்தோம். மைக்கைத் திறக்கும் முன் நான் துடைப்பக் கட்டையால் தரையில் இரண்டு தட்டு தட்டுவேன். பாய் மெஷினை நிறுத்துவார். பேச்சு முடிந்து பாட்டு போனதும் ஒரு தட்டு. மெஷின் ஓடும். பாய் தொழுகைக்குப் போகும் நேரம் எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் பேச்சு வைத்துக்கொண்டால் தட்டவே வேண்டாம். இரண்டு மதத்துக்கும் நடுவில் ஒரு துடைப்பக் கட்டை போதுமானதாக இருந்தது.

இந்தப் பாய்க்கு நான் செய்த ஒரு உபகாரத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் கருகல் வாடை வந்தது. மாடிப்படியில் புகை மாதிரி ஏதோ. நான் தீயணைப்பு நிலையத்துக்கு போன் செய்துவிட்டேன். மணியடித்துக்கொண்டு வண்டி வந்து, தெருவே கூடி, உள்ளே போய்ப் பார்த்தால் பாய் ஒரு மாப்பிள்ளைக் கோட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். "ஏங்க்கா, கோட்டுக்குத் தண்ணி தெளிக்க என்கிட்டயே இருக்கே" என்றார். அன்றிலிருந்து நான் எப்போது 'ஏதோ சரியில்லை' என்று வாயெடுத்தாலும் பிரதர் சொல்வது ஒன்றுதான்: "பாய் இஸ்திரி போடுறாரு சிஸ்டர்."

இப்படியாக என் பேச்சு எடை இழந்திருந்த ஒரு சனிக்கிழமை.

சாட்சி நேரம் முடியக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. கடைசிப் போன் என்று எடுத்தேன்.

"ப்ரைஸ் த லார்ட் பிரதர். அரியாங்குப்பத்துலருந்து ஆட்டோ ஓட்டுற ஒரு சகோதரன் பேசறேன்."

"சொல்லுங்கண்ணே."

"எம் பொண்ணுக்குச் சின்ன வயசுலருந்து சக்கரை பிரதர். தெனம் ஊசி. தானே குத்திக்கும். பெத்தவன் அத எப்படிப் பாக்கறது, நீங்க சொல்லுங்க. உபவாச ஜெபத்துல அழுதேன். ஆண்டவர் பேசுனாரு. ஊசி, மருந்து எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயி பாலத்துலருந்து ஆத்துல போட்டுட்டேன்."

"ஸ்தோத்திரம்" என்றார் பிரதர். எதிராளி மூச்சு விடும் இடத்தில் எல்லாம் ஸ்தோத்திரம் சொல்வது அவருக்குப் பழகிப்போன ஒன்று.

"அன்னிலருந்து ஊசியே இல்ல பிரதர். நல்லாத் தண்ணி குடிக்குது. கொடம் கொடமா."

"ஸ்தோத்திரம்."

"நேத்து வாந்தி எடுத்துச்சு. உள்ள இருந்த கெட்டதெல்லாம் வெளிய வந்துடுச்சு."

"ஸ்தோ…" பிரதரின் குரல் கொஞ்சம் இறங்கியது.

"வாயில ஒரு பழ வாசன வருது. பழமே சாப்புடல. எங்கூட்டுக்காரி சொல்லுது, இது பரலோகத்து வாசனன்னு. இப்ப சமாதானமாத் தூங்குது. எழுப்புனாக்கூட எழுந்திரிக்கல. அவ்ளோ சமாதானம்."

என் விரல் போனின் ஒலியை ஏற்றி இறக்கும் ஃபேடரைக் கீழே இழுத்தது. இன்னொரு கை பாட்டைத் தட்டியது.

எனக்கு ஏதோ தெரிந்து செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். பழ வாசனைக்கு என்ன அர்த்தம் என்று அந்த அறையில் யாருக்கும் தெரியாது. ஊசி நின்று சர்க்கரை எகிறினால் உயிருக்கே ஆபத்தாகி வாயில் அந்த வாசனை வருமாம்; டாக்டர் பிற்பாடு சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். என் கண் முன்னால் வந்தது கோரிமேட்டு வார்டு. அங்கே காதில் நம் ரேடியோவை மாட்டிக்கொண்டு படுத்திருக்கிற ஒவ்வொருவரும் எழுந்து, கையில் ஏறுகிற டியூபைப் பிடுங்கி, ஜன்னல் வழியாக எறிவதைப் பார்த்தேன். பயந்தவர்களுக்கு இப்படிப் படம் ஓடும். பத்தில் ஒன்பது படம் பொய்தான்.

பிரதர் நாற்காலியோடு என் பக்கம் திரும்பினார். "சாட்சிய வெட்டிட்டீங்களா சிஸ்டர்?"

"ஏதோ சரியில்ல பிரதர்."

"பாய் இஸ்திரி போடுறாரா?"

ஹெட்ஃபோனில் அந்த அண்ணன் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். நம் ஒலி இணையத்தில் சுற்றிக்கொண்டு அரை நிமிஷம் தாமதமாகத்தானே போய்ச் சேரும்? தான் வெட்டப்பட்டது தெரியாமல் ஆண்டவரின் அன்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனார். அப்புறம் பின்னால் ஒரு பெண் குரல்: "ஏங்க, எம் போன்ல உங்க கொரலு நின்னு போயி பாட்டு வருது!"

"யாரு நிறுத்துனது?" என்றார்.

பிரதர் என்னைப் பார்த்தார். கமிட்டியில் விசாரணை வந்தால் அவர் எந்தப் பக்கம் நிற்பார் என்பது அந்தப் பார்வையில் இருந்தது.

"நான்தான்ணே, போர்டுல இருக்கற சிஸ்டர். கோவிச்சுக்காதீங்க. பாப்பாவக் கொஞ்சம் எழுப்பிப் பாருங்க."

"தூங்கற புள்ளய ஏன் எழுப்பணும்?"

"கண்ணத் தொறக்குதான்னு மட்டும் பாருங்கண்ணே."

போனை ஸ்பீக்கரில் போட்டேன். அந்தப் பெண் கூப்பிடுவது கேட்டது. "பாப்பா… ஏய், பாப்பா…" கன்னத்தில் தட்டும் சத்தம். மறுபடியும் தட்டும் சத்தம். "ஏங்க, மூச்சு ஓடி வந்தாப்ல வாங்குதுங்க. கண்ணு சொருவுது."

பிரதரின் முகம் மாறியது. நாற்காலியை இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தார். "அண்ணே, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"ஆஸ்பத்திரியா? போன வாரம் முழுக்க விசுவாசம் விசுவாசம்னு பேசுன வாயா பிரதர் இது?"

போன வாரம் அவர் நிஜமாகவே நன்றாகப் பேசியிருந்தார்.

"வீட்டு விலாசம் சொல்லுங்கண்ணே, ஆம்புலன்ஸ் அனுப்பறோம்" என்றேன்.

"சாட்சி சொல்ல வந்தவன் வீட்டுக்கு ஆம்புலன்ஸ் அனுப்புவீங்களா? இதான் ஒங்க ரேடியோவா? நான் பொருத்தன பண்ணியிருக்கேன். சொகமானா சாட்சி சொல்றேன்னு. சாட்சிய நீங்க பாதில வெட்டிட்டீங்க. இப்ப நான் ஆஸ்பத்திரிப் படிய மிதிச்சா நான் சொன்னது பொய்யாயிடும். ஆண்டவர் என்ன உடுவாரா?"

பாருங்கள், எப்படிப்பட்ட முடிச்சு. வெட்டாமல் விட்டிருந்தால் பெண் தூங்கிக்கொண்டே இருந்திருப்பாள். வெட்டினதால் அப்பா அசைய மறுக்கிறார். பாட்டு பாதி ஓடிவிட்டது. அந்தப் பக்கம் மூச்சு வாங்கும் சத்தம் எனக்கே கேட்கிற மாதிரி இருந்தது.

பிரதர் கண்ணை மூடினார். ஜெபம் என்று நினைத்தேன். மனசுக்குள் வேத வசன ஃபைலைத் தேடியிருக்கிறார் போல. கண்ணைத் திறந்ததும் குரல் பழைய பிரசங்கக் குரலாக வந்தது.

"அண்ணே, குஷ்டரோகிய ஆண்டவர் சொகமாக்குனாரே, சொகமாக்கிட்டு நேரா வீட்டுக்குப் போன்னா சொன்னாரு?"

"…ஆசாரியன்கிட்ட போயிக் காமின்னாரு."

"ஏன்? அவருக்குத் தெரியாதா சொகமாயிடுச்சுன்னு? பாத்துச் சொல்றதுக்கு ஒரு ஆள் வேணும்ணே. அப்ப ஆசாரியன். இப்ப கோரிமேடு. ஒங்க சாட்சி பொய்யாவல. பாதி ஆயிருக்கு. காமிச்சிட்டு வந்து மீதியச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் யோசிக்கிற சத்தம். யோசிக்கிறதுக்குச் சத்தம் உண்டு, போர்டில் உட்கார்ந்தால் உங்களுக்கும் கேட்கும்.

"பாப்பாவுக்கு ஆஸ்பத்திரி அட்ட அங்கதான் இருக்கு" என்றார் மெதுவாக. உடனே குரலை ஏற்றினார். "ஆனா அதுக்குள்ள நீங்க சாட்சி நேரம் நிறைவுன்னு போட்டுடுவீங்க. அப்பறம் எம் மீதி எங்க போயிச் சேரும்?"

"போட மாட்டோம்ணே. நீங்க காமிக்கற வரைக்கும் தொறந்தே இருக்கும்" என்றார் பிரதர்.

"நான் வண்டில கேட்டுக்கிட்டேதான் போவேன். முடிஞ்சுதுன்னு ஒரு வார்த்த வந்துச்சு, பாலத்து மேலயே வண்டியத் திருப்பிடுவேன். சொல்லிட்டேன்."

போன் வைக்கப்பட்டது.

பாட்டு முடிகிற நேரம். அது முடிந்ததும் கம்ப்யூட்டர் தானாகவே 'சாட்சி நேரம் இத்துடன் நிறைவு பெறுகிறது' என்று ஒரு தேன் குரலில் சொல்லும். அதை நிறுத்தும் வழி கம்ப்யூட்டர் தம்பிக்குத்தான் தெரியும். அவர் சனிக்கிழமை வர மாட்டார். பாட்டுக்கு வேறு ஃபேடர் இருந்ததால் நான் கம்ப்யூட்டரின் அறிவிப்பு ஃபேடரை அடிமட்டத்துக்கு இறக்கி, அது தானாக ஏறிவிடுமோ என்று பயந்து, மேலே என் மூக்குக்கண்ணாடிப் பெட்டியை வைத்தேன். ஃபேடர் தானாக ஏறாது. எனக்கும் தெரியும். இருந்தாலும் வைத்தேன்.

தரையில் இரண்டு தட்டு. மைக் திறந்தது.

பிரதர் தன் சாட்சியைச் சொன்னார். வங்கிச் சாவி தொலைந்து கிடைத்த கதை. நேயர்கள் எல்லோருக்கும் சாவி எங்கே இருந்தது என்று தெரியும். அதை முடிந்த மட்டும் இழுத்தார். அதற்கப்புறம் வயிற்று வலி சாட்சி. அப்புறம் மறுபடியும் சாவிக்கே வந்தார். வேறு யாரையாவது போனில் எடுக்கலாமே என்பீர்கள். நமக்கு ஒரே லைன். அந்த அண்ணன் கூப்பிட்டால் கிடைக்க வேண்டும். அதை யாருக்கும் கொடுக்கக் கூடாது.

ஆனால் போன் அடித்தது. பாய்ந்து எடுத்தேன்.

"அலோ! நேரம் ஆயிடுச்சு. ஏன் முடிக்கல?" தலைவர்.

"ஐயா, ஒரு…"

"முடிங்க!"

நான் விளக்கத் தொடங்கினால் அவர் கேள்வி கேட்பார். அவர் கேள்வி கேட்டால் லைன் அடைத்துக்கொள்ளும். என் வாழ்நாளில் நான் எடுத்த தைரியமான முடிவு அது: தலைவரின் போனைத் துண்டித்தேன்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம். பாய் கதவைத் தலை மட்டும் நுழைகிற அளவுக்குத் திறந்தார். கழுத்தில் அளவு டேப்.

"இன்னாக்கா, இன்னிக்கு ஒங்க ஜெபம் முடியாதா? ரெண்டு தட்டு தட்டிட்டு உட்டுட்டீங்க. மிஷின நிறுத்திட்டு கன்னத்துல கை வெச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன். கல்யாண ஆர்டர் கெடக்கு."

பிரதர் மூன்றாவது தடவையாகச் சாவியைத் தொலைத்துக்கொண்டிருந்தார். நான் பாயை இழுத்து வெளியே வைத்து, இன்ன விஷயம் என்று காதோடு சொன்னேன். பாய் டேப்பைக் கழற்றிப் பையில் வைத்தார்.

"எங்க உக்காரணும்?"

இப்படித்தான், பிள்ளைகளே, நம் சுவிசேஷ ரேடியோவின் சாட்சி நேரத்தில் ஒரு பாய் சாட்சி சொன்னார். பிரதர் அறிமுகம் செய்த விதத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்: "நம் கட்டிடத்தைச் சேர்ந்த ஒரு சகோதரர்." பொய் சொன்னதாகவும் ஆகவில்லை.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றார் பாய். "ஒங்க மொற எனக்குத் தெரியாது. மேல இருக்கறவனுக்கு நன்றி சொல்லணும்னு சொன்னாங்க, சொல்றேன். ஒரு தபா மாப்பிள்ள கோட்டுத் துணிய தப்பா வெட்டிட்டேன். மறுநாள் நிக்கா. வேற துணி இல்ல. அழுவாத கொற. அப்படியே துணிமேல கை வெச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். திடீர்னு ஒரு யோசன குடுத்தான் பாருங்க. கை ரெண்டையும் உட்டுட்டு கோட்ட அப்படியே வெய்ஸ்ட்கோட்டு மாதிரி…"

துணி எப்படி வளைந்தது, பட்டன் எங்கே போனது, மாமனார் என்ன சொன்னார் என்று பாய் விரித்துக்கொண்டே போனார். நம் ரேடியோவில் அத்தனை சுவாரசியமான சாட்சியை நான் கேட்டதில்லை. வெளியே பாட்டு போகாததைப் பார்த்து நான் பயப்படக்கூட மறந்தேன். முடிவில்தான் வந்தது: "அதுலருந்து நம்ம கடைல மாப்பிள்ள டிரஸ்ஸுன்னா தனிப் பேரு. முத்தியால்பேட்டைல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. ப்ளவுஸ் ஒரே நாள்ல…"

பிரதர் நெற்றியில் கை வைத்தார். போன் அடித்தது. தலைவர்.

"யார் அந்த பாய்? கடைக்கு விளம்பரம்…"

இரண்டாவது தடவை துண்டிப்பது முதல் தடவையை விடச் சுலபம்.

பாய் மைக்கை விடவில்லை. குரலைத் தாழ்த்தினார். "ஆட்டோ தம்பி, நீங்க கேட்டுக்கிட்டு வரீங்கன்னு சொன்னாங்க. பாப்பாவுக்கு ஒண்ணும் ஆவாது. நான் துஆ செய்றேன். நீங்க நேராப் போங்க." எழுந்து போய் மூலையில் நின்றுகொண்டார். கல்யாண ஆர்டரை அவரும் மறந்துவிட்டார்.

அடுத்து யாரும் இல்லை. பிரதர் தண்ணீர் குடித்தார். காற்றில் அமைதி. மூன்றாவது விதியும் போயிற்று. பிரதர் மைக்கை என் பக்கம் திருப்பினார்.

அத்தனை வருஷம் போர்டில் இருந்தும் நான் மைக்கில் பேசினதே இல்லை. என் குரல் வெளியே போனால் யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம். வாயைத் திறந்தேன். சாட்சி ஒன்றும் வரவில்லை. பயம்தான் வந்தது.

"அண்ணே, பாலம் தாண்டிட்டீங்களா? தாண்டியிருப்பீங்க. வேகமாப் போவாதீங்க. ஆனா நிக்காதீங்க. சனிக்கிழம, சந்தைக்கு வந்தவங்க குறுக்க வருவாங்க, ஹார்ன் அடிச்சிக்கிட்டே போங்க. சிக்னல்ல லெப்ட்ல போற பஸ்ஸுக்கு வழி உட்டுடுங்க, அவன் ஏறி வருவான். அக்கா, நீங்க பாப்பாவ ஒருக்களிச்சுப் படுக்க வெச்சிருக்கீங்களா? மறுபடியும் வாந்தி வந்தா அடைக்கப் போவுது. பேர் சொல்லிக் கூப்புட்டுக்கிட்டே இருங்க. பெட்ரோல் இருக்காண்ணே? இருக்கும். இருக்குன்னு நெனைக்கறேன். எனக்கு எல்லாத்துக்கும் பயம்ணே. ஆஸ்பத்திரி கேட்டுக்குள்ள போனதும் வண்டிய எங்க நிறுத்தறதுன்னு பாக்காதீங்க, அப்படியே அவசர வாசல்ல உடுங்க, திட்டுனா திட்டட்டும்…"

எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியாது. என் பேச்சு பாலத்தில் இருந்தபோது அவர் எங்கே இருந்தாரோ. அரை நிமிஷத் தாமதத்தில் நான் வழி சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதும் எனக்கு நினைவில்லை. ஆண்டவர் பெயரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்று விசாரணையில் சொன்னார்கள். இருக்கலாம்.

போன் அடித்தது. தலைவராக இருந்தால் மூன்றாவது தடவையும் துண்டிக்கத் தயாராக எடுத்தேன். அந்த அண்ணனின் மனைவி.

"அக்கா, உள்ள எடுத்துட்டுப் போயிட்டாங்கக்கா. டாக்டரு என்ன ஏசுன ஏச்சு… இன்னும் கொஞ்ச நேரம் ஆயிருந்தா அவ்ளோதான்னு சொல்லிட்டாரு. ஐசியூல வெச்சிருக்காங்க. இவரு வெளிய மரத்தடில நின்னு ரேடியோ கேட்டுக்கிட்டு இருக்காரு. நீங்க இன்னும் முடிக்கலதானேன்னு கேக்கச் சொன்னாரு."

"முடிக்கலன்னு சொல்லுங்க."

பாட்டைப் போட்டேன். தரையில் ஒரு தட்டு தட்டினேன். "நான் இங்கதான்க்கா நிக்கறேன்" என்றார் பாய்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு அப்புறம் கமிட்டி கூடியது. குற்றப்பட்டியலைத் தலைவரே வாசித்தார். சாட்சியை நடுவில் வெட்டியது. தையல் கடைக்கு விளம்பரம் கொடுத்தது. அமைதி விட்டது. தலைவரின் போனை இருமுறை துண்டித்தது. ஒவ்வொன்றுக்கும் நான் எழுந்து நின்று "ஆமாங்கய்யா" என்றேன். பிரதர் எந்தப் பக்கமும் நிற்காமல் நடுவில் உட்கார்ந்திருந்தார். கடைசியில்தான் எழுந்தார். "முடிக்க மாட்டோம்னு வாக்குக் குடுத்தது நான்" என்றார். அவரைப் பற்றி நான் எழுதிய கேலியையெல்லாம் இந்த ஒரு வரிக்காகக் கழித்துக்கொள்ளுங்கள்.

சொல்தா ஐயா கண்ணாடியைக் கழற்றினார். "புள்ள எப்படி இருக்கு?"

"கண்ணு முழிச்சிடுச்சுங்கய்யா. இன்னும் ஆஸ்பத்திரிலதான் இருக்கு."

"பியேன்" என்றார். நல்லது என்று அர்த்தம். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "சாட்சிய வெட்டுனது தப்புதான். அதனால மீதிய சொல்ல அந்த ஆளுக்கு நேரம் குடுக்கணும். அது வரைக்கும் முடிஞ்சுதுன்னு அறிவிக்கக் கூடாது. வாக்குன்னா வாக்கு."

ஆகவே அதற்கப்புறம் சில வாரம் நம் ரேடியோவில் சாட்சி நேரம் முடியவே இல்லை. 'இடைவேளை' என்று பிரதர் அறிவித்துக்கொண்டே இருந்தார். பிரான்சிலிருந்து ஒரு பெரியவர் போன் செய்து, இத்தனை நாள் இடைவேளையா, உங்கள் ஊரில் காபி அவ்வளவு சூடா என்று கேட்டார்.

இதிலிருந்து கமிட்டி கற்றுக்கொண்ட பாடமும் ஒன்று உண்டு. சுவரில் நாலாவது விதி: 'மாடிக்கு வருகிறவர்கள் ஒலிபரப்பில் தங்கள் தொழிலைக் குறிப்பிடக் கூடாது.' நாலாவது விதி ஏன் இருக்கிறது என்று உங்களில் ஒருவர் கேட்டீர்களாமே, இதுதான்.

அந்தச் சில வாரம் கழித்து அந்த அண்ணன் நேரிலேயே வந்தார். வெள்ளைச் சட்டை. பின்னால் மனைவி, அவருக்குப் பின்னால் அந்தப் பெண். மெலிந்து, கண்ணை மட்டும் பெரிதாக வைத்துக்கொண்டு, மடியில் ஒரு சின்னப் பையோடு உட்கார்ந்தாள். நான் தரையில் இரண்டு தட்டு தட்டினேன். பிரதர் தலையசைத்தார்.

அவர் நன்றி சொல்வார் என்று நான் எதிர்பார்த்திருந்தேன் என்பதை மறைப்பானேன். என் சேலைகூட அன்று கொஞ்சம் நல்ல சேலைதான்.

"ஆண்டவர் எம் பொண்ண முழுசா சொகமாக்கியிருந்தாரு" என்று தொடங்கினார் அந்த அண்ணன். "ஆனா இந்த ரேடியோக்காரங்க எஞ் சாட்சிய நடுவுல நிறுத்துனாங்க. அதனாலதான் அது திரும்பி வந்துச்சு."

பிரதர் என்னைப் பார்த்தார். என் விரல் ஃபேடரின் மேல்தான் இருந்தது. கோரிமேட்டு வார்டு மறுபடி கண்முன் வந்தது. எல்லோரும் டியூபில் கை வைத்துக் காத்திருந்தார்கள். பாட்டு தயாராக இருந்தது. இழுத்தால் ஒரு நொடி.

அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எப்போது முடிப்பார் என்று பார்த்துக்கொண்டிருப்போமே, அப்படி. கை அந்தச் சின்னப் பையின் ஜிப்பில் இருந்தது.

நான் விரலை எடுத்துவிட்டேன். ஏன் என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. அன்று வெட்டினதும் பயத்தில்தான், இன்று விட்டதும் பயத்தில்தான். ஆனால் இரண்டு தடவையும் நான் அந்தப் பிள்ளையைக் கணக்கில் வைத்துக்கொண்டு பயந்தேன் என்று நினைக்கிறேன். உங்களுக்குப் பாடம் வேண்டும் என்றால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டைப் போட்டுவிட்டு யோசியுங்கள். சில நேரம் பாட்டைப் போடாமலும் யோசிக்க வேண்டியிருக்கும்.

அப்பா சொல்லி முடித்தார். ஆமென் என்றார். அவள் கையை நீட்டி மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அப்பா முடிச்சிட்டீங்களா? இப்ப நான் சொல்றேன். நான் காலைல ஊசி போட்டுக்கிட்டுத்தான் வந்தேன். மதியத்துக்கும் எடுத்துட்டு வந்திருக்கேன். சாட்சி சொல்லிட்டு சாப்புடப் போறோம், அதுக்கு முன்னாடி போட்டுக்கணும். அவ்ளோதான்."

அந்த அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. கீழே மெஷின் நின்றிருந்ததால் பாயும் எல்லாவற்றையும் கேட்டிருப்பார்.

பிரதர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "சாட்சி நேரம்" என்றார், அந்தத் தேன் குரலுக்குப் போட்டியாக, "இத்துடன் நிறைவு பெறுகிறது."

நான் அந்த அறிவிப்பு ஃபேடரின் மேலிருந்து மூக்குக்கண்ணாடிப் பெட்டியை எடுத்தேன். அத்தனை நாளும் அது அங்கேதான் இருந்தது.

கடைசியாக ஒன்று. சனிக்கிழமை காலையில் அரியாங்குப்பத்திலிருந்து ஒரு பெண் பாட்டு கேட்டு போன் செய்வாள். எடுத்தவுடன், வணக்கம் ஸ்தோத்திரம் எதுவும் இல்லாமல், "போட்டாச்சுக்கா" என்பாள். அது பாட்டின் முதல் வரி என்று நினைத்து உங்களில் ஒருவர் கம்ப்யூட்டர் முழுக்கத் தேடினீர்களாம். அப்படி ஒரு பாட்டு நம்மிடம் இல்லை. "சரிம்மா" என்று சொல்லுங்கள். அப்புறம் என்ன பாட்டு வேண்டும் என்று கேளுங்கள்.

ஒரு சனிக்கிழமை அவள் போன் வரவில்லை என்றால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. பாய் இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பார். ஆனாலும் சொல்லி அனுப்புங்கள்.